உப்பும் சர்க்காரும்

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நம் பாட்டிமார் வாக்கு. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பதும் அவர்கள் வாக்கே. முதல் வாக்கை நாம் நாள்தோறும் நினைவிற் கொள்கிறோம்; குழம்பில் ஒரு சிட்டிகை உப்புக் குறைந்தால் இல்லத்தில் எழும் ஆரவாரமே அதற்குச் சான்று. இரண்டாவது வாக்கை அத்துணை எளிதில் நினைப்பதில்லை. அதில் வரும் 'உப்பிட்டவர்' நமக்குச் சோறிட்டவர் என்பதே வழக்கமான பொருள். எனினும், அச்சோற்றுக்கு வேண்டிய உப்பை வெயிலில் நின்று விளைவித்துத் தந்தவரையும் அச்சொல்லில் சேர்த்துக்கொள்வது தவறாகாது. அவரைப் பற்றியும், அவருடைய தொழிலில் காலந்தோறும் அரசு புகுந்து ஆற்றிய செயல்களைப் பற்றியும் நம் சங்க ஆண்டு மலரில் சிறிது எழுதப் புகுகின்றோம்.

இப்பொருளை இம்மலருக்கெனத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. உலகில் உப்பு மிகுதியாக விளையும் நாடுகளுள் சீனமும் அமெரிக்காவும் முதல் இரண்டு இடங்களில் நிற்க, மூன்றாம் இடத்தில் நிற்பது நம் பாரதம். ஆண்டுதோறும் ஏறக்குறைய மூன்று கோடி டன் உப்பு இங்கு விளைகிறது. அதில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டது நாம் குடியேறி வாழும் இந்தக் குஜராத் மாநிலத்தின் உப்பு. அடுத்த நிலையில் நிற்பது நாம் பிறந்த தமிழகம். பிறந்த நாடும் பிழைக்க வந்த நாடும் ஒரே தொழிலில் முன்னும் பின்னுமாக நிற்பது நமக்கு மகிழ்ச்சி தருவதே. இரயில்வேயில் பணிபுரியும் நம்மவருக்கோ உப்பு இன்னும் நெருக்கமானது. உண்ணும் உப்புக்குச் சரக்குப் போக்குவரத்தில் முன்னுரிமை உண்டு. வடக்கேயும் கிழக்கேயும் கடலில்லா மாநிலங்களில் வாழும் மக்களின் உலைக்கு உப்பு சென்று சேர்வது பெரும்பாலும் நம் வண்டிகளில்தான். வண்டியின் இரும்பை உப்பு அரித்துத் தின்பதையும் நாம் அறிவோம். அதை விளைவிப்பவனின் உடலை அது என்ன செய்யும் என்பதைத்தான் எண்ணிப் பார்ப்பதில்லை.

உப்பு விளையும் வகை

உப்புக் காய்ச்சுதல் என்றும், உப்பு விளைவித்தல் என்றும் இரு வகை உண்டு. வெயில் குறைந்த, ஈரம் மிகுந்த வங்கக் கரையில் உவர்நீரை விறகிட்டுக் காய்ச்சினர். வெயில் மிகுந்த குஜராத்திலும் தமிழகத்திலும் கதிரவனே அடுப்பு. கடல்நீரையோ, நிலத்தடி உவர்நீரையோ வரிசையாக அமைந்த பாத்திகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ச்சி, வெயிலும் காற்றும் அதை வற்றச் செய்யும்படி விடுவர். கடல்நீரின் அடர்த்தி போமே என்னும் அளவுகோலில் ஏறக்குறைய 3 பாகை. அது ஏறிக்கொண்டே வரும்போது முதலில் ஜிப்சம் படியும். 25 பாகையை எட்டும்போது உப்புப் பூக்கத் தொடங்கும். 29 பாகையைத் தாண்டினால் மக்னீசியக் கலப்பு மிகுந்து உப்புக் கசந்துவிடும். ஆகவே அதற்கு முன்பே எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். இத்துணை நுட்பத்தையும் எந்தப் பள்ளியிலும் பயிலாமல், நீரின் நிறத்தையும் வழவழப்பையும் கொண்டே அறிந்து செய்தவர்கள் நம் உப்பளத் தொழிலாளர்கள். எனவே இதனைக் கைத்தொழில் என்று மட்டும் கூறுதல் போதாது. பரம்பரையாக வந்த நுண்தொழில் என்றே கூறல் வேண்டும்.

மன்னர் காலம்

உப்பின்மேல் அரசின் கண் விழுந்தது நேற்று இன்றன்று. கௌடலியரின் அர்த்தசாஸ்திரம் உப்புக்கென்றே ஓர் அதிகாரியை நியமிக்கச் சொல்கிறது. வெளிநாட்டு உப்பில் ஆறில் ஒரு பங்கு அரசுக்கு. உப்பில் கலப்படம் செய்தவனுக்குத் தண்டம். ஆயினும் வேதம் ஓதுவோரும், தவம் செய்வோரும், உடலுழைப்புச் செய்யும் ஏவலாளரும் தாம் உண்பதற்கு வேண்டிய உப்பைக் கொண்டுசெல்லலாம் என்று அந்நூல் விலக்கும் அளிக்கிறது. வரி வாங்கிய அரசே ஏழையின் வாய்க்கு மட்டும் விலக்கு அளித்த இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று. பின்வந்த அரசு ஒன்று இதனை அடியோடு மறந்தது.

தமிழகத்தில் உப்பு விளையும் நிலத்தை 'அளம்' என்றனர். உப்பு வண்டிகளை ஓட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்று நெல்லுக்கு மாற்றிய 'உமணர்' என்னும் வணிகரைச் சங்கப் பாடல்கள் பல இடங்களில் கூறுகின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'உப்பாயம்' என்னும் வரியின் பெயர் காணப்படுகிறது. ஆக, வரி பழையது. ஆனால் உப்பை விளைவிப்பவன் விளைத்தான், வணிகன் விற்றான், அரசன் தன் பங்கைப் பெற்றான். ஒருவர் தொழிலை மற்றவர் பறிக்கவில்லை.

கும்பினியார் கடை விரித்தது

அந்த ஒழுங்கு வங்கத்தில் குலைந்தது. 1765-இல் கிளைவ் கும்பினியின் மேல்நிலை ஊழியர்களுக்கென ஒரு வியாபாரச் சங்கத்தை அமைத்து, உப்பு, பாக்கு, புகையிலை ஆகிய மூன்றின் வாணிபத்தையும் அதன் கையில் கொடுத்தார். இலண்டனிலிருந்தே எதிர்ப்பு வந்தமையால் 1768-இல் அச்சங்கம் கலைந்தது. ஆனால் உப்பின் சுவையைக் கும்பினி மறக்கவில்லை. 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் உப்புத் தயாரிப்பைக் கும்பினி அரசின் கீழ்க் கொண்டுவந்து குத்தகைக்கு விட்டார். 1780-இல் குத்தகை முறையை மாற்றி, உப்பு ஏஜெண்டுகளை நியமித்தார். அதுமுதல் வங்கக் கரையில் உப்புக் காய்ச்சிய 'மலங்கிகள்' எனப்பட்ட தொழிலாளர்கள் முன்பணம் பெற்றுக்கொண்டு, கும்பினி சொன்ன விலைக்குக் கும்பினி ஒருவருக்கே உப்பை அளக்க வேண்டியவராயினர். முன்பணம் வாங்கியவன் கடன் தீரும்வரை தொழிலை விட்டு நீங்கவியலாது. சுந்தரவனக் காடுகளில் புலிக்கும் காய்ச்சலுக்கும் இடையே அவர்கள் விறகு வெட்டி உப்புக் காய்ச்சினர்.

இம்முறை ஏறக்குறைய எண்பது ஆண்டு நடந்தது. பிறகு நேர்ந்ததுதான் வியப்பு. இங்கிலாந்தில் செஷயர் பகுதியில் தோண்டியெடுத்த உப்பு, லிவர்ப்பூல் துறைமுகத்திலிருந்து கல்கத்தாவுக்கு வரத் தொடங்கியது. இந்தியச் சரக்கை ஏற்றிச் செல்ல வரும் கப்பல்கள் வெறுமையாக வராமல், பாரத்துக்கென உப்பை ஏற்றி வந்தன. அதனால் கப்பற்கூலி மிகக் குறைவு. 1863-இல் வங்கத்தில் அரசினர் உப்புத் தயாரிப்பைக் கைவிட்டனர். மலங்கிகளின் அடுப்புகள் அணைந்தன. கடற்கரையில் வாழ்ந்த மக்கள் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த உப்பை, வரியும் செலுத்தி வாங்கி உண்டனர். ஒரு தொழிலை அரசு தன் கையில் எடுத்துக்கொள்வதால் விளையும் கேடு ஒன்று. எடுத்துக்கொண்டபின் அதனை நடுத்தெருவில் விட்டுச் செல்வதால் விளையும் கேடு மற்றொன்று. வங்கத்து மலங்கி இரண்டையும் கண்டான்.

சென்னை இராசதானியில் 1805-இல் உப்பு அரசின் ஏகபோகமாயிற்று. விளைவித்த உப்பு முழுவதையும் அரசுக்கே விற்றல் வேண்டும். பம்பாய் இராசதானியில் 1837-இல் மணங்குக்கு எட்டணா ஆயத்தீர்வை விதித்தனர். மணங்கு என்பது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 37 கிலோ.

முள்வேலி ஒன்று

மாகாணத்துக்கு மாகாணம் வரி வேறுபட்டால், வரி குறைந்த இடத்து உப்பு வரி மிகுந்த இடத்துக்கு இரவில் ஓடிவரும் அன்றோ? குறிப்பாக, இராஜபுதனத்துச் சாம்பர் ஏரி முதலியவை சுதேச மன்னர்களின் ஆட்சியில் இருந்தன. (நம் இல்லத்துச் சாம்பாருக்கும் இந்த ஏரிக்கும் பெயரளவில்தான் உறவு.) அங்கிருந்து வரும் உப்பைத் தடுக்க வெள்ளையர் அரசு நாட்டின் குறுக்கே ஒரு சுங்கக் கோட்டை இழுத்தது. 1869-இல் அக்கோடு சிந்து நதியிலிருந்து மகாநதி வரை 2,300 மைல் நீண்டிருந்தது. அதனைக் காத்தவர்கள் ஏறக்குறைய 12,000 பேர். பல நூறு மைல் தூரத்துக்கு அது உயிர்வேலியாகவே வளர்க்கப்பட்டது. கருவேல், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி ஆகியவற்றை நெருக்கமாக நட்டு, ஆளுயரத்துக்கும் மேல் வளர்த்து, தண்ணீர் ஊற்றிக் காத்தனர். பிற்காலத்தில் காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகிய ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் அவர்களே அக்காலத்தில் அச்சுங்கத் துறையின் ஆணையராக இருந்து அவ்வேலியை வளர்த்தவர் என்பது சரித்திரத்தின் விந்தைகளுள் ஒன்று.

1879-இல் அவ்வேலி கைவிடப்பட்டது. மக்கள்மீது இரக்கம் பிறந்ததனால் அன்று. 1870 அளவில் ஜெய்ப்பூர், ஜோத்பூர் சமஸ்தானங்களிடமிருந்து சாம்பர் ஏரியை ஆங்கில அரசு குத்தகைக்குப் பெற்றுக்கொண்டது. மற்ற இராஜபுதனச் சமஸ்தானங்களுடனும் உடன்படிக்கைகள் செய்துகொண்டு பல உப்பளங்களை மூடச் செய்தது. ஊற்றுக்கண்ணிலேயே அதிகாரி அமர்ந்துவிட்டபின் வழியில் வேலி எதற்கு? அக்காலத்தில்தான் இருப்புப் பாதையும் சாம்பரை எட்டியது. இங்குச் சிறிய ரண் பாலைவனத்தின் விளிம்பிலுள்ள காராகோடாவிலும் அரசின் உப்பளம் 1870-களில் தலையெடுத்தது. வேலியோ, மண்ணோடு மண்ணாக மறைந்து மக்கள் நினைவிலிருந்தும் நீங்கிற்று. ராய் மாக்ஸம் என்னும் ஆங்கிலேயர் ஒருவர் அதன் எச்சத்தைத் தேடியலைந்து, 2001-இல் நூல் எழுதி வெளியிட்ட பின்னரே உலகம் அதனை மீண்டும் அறிந்தது.

வரியின் ஏற்றமும் இறக்கமும்

1882-இல் உப்பு வரி மணங்குக்கு 2 ரூபாயாக இருந்தது. 1888-இல் இரண்டரை ரூபாயாயிற்று. கோபாலகிருஷ்ண கோகலே 1902-இல் சட்டசபையில் ஆற்றிய முதல் வரவு செலவுத் திட்ட உரையில் இவ்வரியைக் கடிந்துரைத்தார். 1903-இல் 2 ரூபாயாகவும், 1905-இல் ஒன்றரை ரூபாயாகவும், 1907-இல் ஒரு ரூபாயாகவும் குறைந்தது. வரி குறைந்தபோது உப்பின் செலவு கூடியது. ஏழை மக்கள் அதற்குமுன் தமக்கும் தம் மாட்டுக்கும் வேண்டிய அளவு உப்பை உண்ணாமலே இருந்தனர் என்பதற்கு அதுவே சான்று. 1916-இல் ஒன்றேகால் ரூபாய். 1923-இல் சட்டசபை மறுத்தும், வைசிராய் ரீடிங் பிரபு தம் தனி அதிகாரத்தைக் கொண்டு அதனை இரண்டரை ரூபாயாக இரட்டித்தார். மறு ஆண்டே பழைய நிலைக்கு இறக்க நேர்ந்தது.

வரியினும் கொடியது சட்டம். கரையில் தானே பூத்துக் கிடக்கும் உப்பை ஒரு கைப்பிடி அள்ளினாலும் குற்றம். உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சினாலும் குற்றம். தானே விளைந்த உப்பை யாரும் எடுத்துச் செல்லாதபடி சிப்பந்திகள் மண்ணோடு கலந்து அழித்தனர். கௌடலியர் ஏவலாளனுக்கு அளித்த விலக்கை இவ்வரசு எவருக்கும் அளிக்கவில்லை.

தண்டியும் வேதாரணியமும்

1930 மார்ச்சு 12-ஆம் நாள் சாபர்மதி ஆசிரமத்திலிருந்து அண்ணல் காந்தியடிகள் 78 தொண்டர்களுடன் புறப்பட்டு, 240 மைல் நடந்து, ஏப்ரல் 6-ஆம் நாள் தண்டிக் கரையில் உப்பெடுத்ததை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். உப்பு வரியை அவர் தேர்ந்தெடுத்தபோது படித்தவர் பலர் நகைத்தனர். ஆயினும் இந்துவும் முஸ்லிமும், ஆணும் பெண்ணும், செல்வரும் வறியரும் ஒருங்கே செலுத்திய வரி அது ஒன்றே என்பதை அவர் அறிந்திருந்தார். மே 21-ஆம் நாள் தராசனா உப்பளத்தின் முன் சரோஜினி நாயுடு அம்மையாரின் தலைமையில் சென்ற தொண்டர்கள் கை தூக்காமல் தடியடி பட்டு வீழ்ந்தனர். அதனை நேரில் கண்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் வெப் மில்லர் உலகுக்கு எழுதினார்.

தமிழகத்தில் இராஜாஜி அவர்கள் ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டார். அவர்கள் நடந்து பாடுவதற்கென்றே நாமக்கல் கவிஞர் பாடல் இயற்றினார். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். எனினும் வழியூர் மக்கள் உணவளித்தனர். ஏப்ரல் 28-ஆம் நாள் வேதாரணியம் சேர்ந்து, 30-ஆம் நாள் உப்பெடுத்து இராஜாஜி சிறை புகுந்தார். அங்கு அவர்களை வரவேற்றுப் பேணிய வேதரத்தினம் பிள்ளை அவர்களைத் தமிழகம் 'சர்தார்' என்றே வழங்குகிறது. உப்பிட்டவரை நினைக்கும் பழமொழிக்கு இதனினும் சிறந்த இலக்கியம் வேண்டுமோ?

1931 மார்ச்சு 5-ஆம் நாள் காந்தி - இர்வின் ஒப்பந்தத்தால், உப்பு விளையும் இடத்தருகே வாழும் மக்கள் தம் வீட்டுக்கும் தம் ஊருக்குள் விற்பதற்கும் உப்பெடுக்கலாம் என்றாயிற்று. அதே ஆண்டில் வெளிநாட்டு உப்பின்மேல் கூடுதல் இறக்குமதித் தீர்வையும் விதித்தனர். வரி மட்டும் நின்றது. அது 1947 ஏப்ரல் முதல் நாளில்தான், இடைக்கால அரசின் ஆட்சியில் நீங்கியது. இதிலும் ஒரு வேடிக்கை: 1944-இல் இயற்றப்பட்ட மத்திய ஆயத்தீர்வை, உப்புச் சட்டம் என்னும் சட்டத்தின் பெயரில் 'உப்பு' என்னும் சொல் 1996 வரை ஒட்டிக்கொண்டே இருந்தது. வரி போய் அரை நூற்றாண்டு ஆகியும் பெயர் போகவில்லை.

நம் அரசு செய்தவை

விடுதலை பெற்றபோது நாட்டில் உப்புப் பற்றாக்குறை. பிரிவினையால் கேவ்ராப் பாறையுப்புச் சுரங்கம் பாகிஸ்தானுக்குச் சென்றது. இங்கிலாந்திலிருந்தும் ஏடனிலிருந்தும் உப்பு வாங்க வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்ற அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. பத்து ஏக்கர் வரையுள்ள சிறு உப்பளங்களுக்கு லைசென்சு தேவையில்லை என்று 1948-இல் அறிவித்தது. சிறு உற்பத்தியாளர்கள் கிளம்பினர். சில ஆண்டுகளில் நாடு தன் தேவைக்குத் தானே உப்பு விளைவித்தது. பின்னர் ஏற்றுமதியும் செய்யலாயிற்று.

நம் அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மத்திய அரசுப் பட்டியலின் 58-ஆம் இனமாக உப்பின் தயாரிப்பும், வழங்கலும், அதன் கட்டுப்பாடும் எழுதப்பட்டுள்ளன. 1953-இல் உப்புத் தீர்வைச் சட்டம் வந்தது. மணங்குக்கு ஓரிரு அணா அளவான அச்சிறு தொகை கருவூலத்தை நிரப்புவதற்கன்று. உப்புத் தொழிலின் வளர்ச்சிக்கும் தொழிலாளர் நலனுக்கும் செலவிடுவதற்கென வாங்கப்பட்டது. 1954-இல் பாவநகரில் மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தைப் பண்டித நேரு திறந்துவைத்தார். 1958-இல் இந்துஸ்தான் சால்ட்ஸ் என்னும் அரசுக் கம்பெனி தோன்றிக் காராகோடா முதலிய பழைய சர்க்கார் உப்பளங்களை ஏற்றது. 1964-இல் சாம்பர் ஏரிக்கெனத் தனிக் கம்பெனி ஏற்பட்டது. தமிழகத்தில் 1974-இல் தமிழ்நாடு உப்புக் கழகம் தொடங்கி, இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் பகுதியில் உப்பு விளைவிக்கிறது.

அடுத்து அரசு மருத்துவராக வந்தது. அயோடின் குறைந்தால் கழுத்துக் கழலை நோய் வரும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றும். இமயத்தின் அடிவாரத்துக் காங்கிரா பள்ளத்தாக்கில் 1956 முதல் மருத்துவ அறிஞர் இராமலிங்கசுவாமி குழுவினர் நடத்திய ஆராய்ச்சி, அயோடின் கலந்த உப்பினால் அந்நோய் குறைவதை மெய்ப்பித்தது. 1962-இல் தேசியக் கழலை நோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியது. 1980-களில் நாடெங்கும் அயோடின் உப்பே வழங்குவதென முடிவாயிற்று. அயோடின் கலவாத உப்பை உணவுக்கு விற்பதற்கு மத்திய அரசு 1998-இல் தடையை நடைமுறைப்படுத்தி, 2000-இல் நீக்கி, 2006-இல் மீண்டும் விதித்தது.

இதில் இரு பக்கமும் நியாயம் உண்டு. அறிவு குன்றிப் பிறக்கும் ஒரு குழந்தையைக் காப்பது எந்த அரசுக்கும் கடமையே. அதில் நாம் ஐயுறவில்லை. ஆனால் கலவை இயந்திரமும், பரிசோதனையும், பையிலடைக்கும் வசதியும் வாங்கப் பணமில்லாத சிறு உற்பத்தியாளன், தன் உப்பைத் தானே கடைத்தெருவில் விற்க இயலாதவனானான். ஆலைக்காரரோ வியாபாரியோ சொல்லும் விலைக்கு அவன் கொடுத்தாக வேண்டும். கூட்டுறவு முறையில் சிறு கலவை நிலையங்களைத் தாராளமாக அமைத்துத் தந்திருப்பின், குழந்தையும் பிழைக்கும், அவனும் பிழைப்பான் என்பது எம் கருத்து.

1996-இல் உப்புத் தொழிலுக்கு லைசென்சு முறையே நீக்கப்பட்டது. 2016-இல் வருவாய் குறைந்த சிறு தீர்வைகளை ஒழித்தபோது உப்புத் தீர்வையும் போயிற்று. 2017-இல் வந்த சரக்கு, சேவை வரியிலும் உப்புக்கு விலக்கு உண்டு. 2,300 மைல் சுங்கக் கோடு போட்டுக் காத்த வரி, இன்று ஒரு காசும் இல்லை. உண்பவர்களாகிய நமக்கு இது முழு வெற்றி. விளைவிப்பவனுக்கு?

ரண்ணில் வாழும் அகரியா

நம் காலனியிலிருந்து ஒரு பகல் பயணத்தில் சிறிய ரண்ணை அடையலாம். மழைக்காலத்தில் அது நீர் நிறைந்த வெளி. மழை ஓய்ந்ததும் 'அகரியா' எனப்படும் உப்புத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு அங்குக் குடியேறுவர். கிணறு தோண்டி, கடலினும் உப்பு மிகுந்த நிலத்தடி நீரை இறைத்து, பாத்தி கட்டி, நாள்தோறும் அதில் இறங்கிக் கிளறி, கோடை முதிரும் வரை எட்டு மாதம் உழைப்பர். குடிக்கும் நீர் வண்டியில் வரவேண்டும். நிழலுக்கு ஒரு மரமில்லை. உப்பில் ஊறி இறுகிய அவர்தம் பாதம் சிதையில் கூட எளிதில் வேகாது என்று இப்பக்கத்தார் கூறுவர். கேட்க மனம் துணுக்குறுகிறது.

அவர்களுக்குத் தொழில் தொடங்க முதலாக வருவது பெரும்பாலும் வியாபாரி தரும் முன்பணம். பருவ முடிவில் உப்பு அவருக்கே. விலையும் அவர் சொன்னதே. நீர் இறைக்க எரிக்கும் டீசலின் செலவு போனால் மிஞ்சுவது சிறிது. வங்கத்து மலங்கியின் கதையை மேலே படித்த வாசகர்களுக்கு இது பழகிய கதையாகத் தோன்றும். முன்பணம் தந்து கட்டிவைத்த கும்பினி போயிற்று, முன்பணம் போகவில்லை. அரசு வெளியேறிய இடத்தில் வேறொருவர் வந்து அமர்ந்தார்.

நிலத்துக்கும் உரிமைச் சீட்டில்லை. ரண் நெடுங்காலம் அளக்கப்படாத நிலமாகவே இருந்தது. 1973-இல் அது காட்டுக் கழுதைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அரிய விலங்கைக் காத்தது போற்றத்தக்கதே. இன்று அக்கழுதைகள் பெருகி வாழ்கின்றன. ஆயின் தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்தவர்கள் தம் உரிமையை மெய்ப்பிக்க ஆவணம் தேடி அலைகிறார்கள்.

தூத்துக்குடியிலும் நிலைமை வேறன்று. விடியுமுன் அளத்தில் இறங்கும் நம் சகோதரிகள் உப்பை வாரித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுகிறார்கள். வெண்மையின் கூச்சத்தால் கண்ணும், உவரால் காலும் கெடுகின்றன. மழைக்காலம் வந்தால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

அண்மைக் காலத்தில் சில நல்ல அடையாளங்கள் தோன்றியுள்ளன என்பதையும் கூறுதல் முறை. மழைக்கால மூன்று மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவி வழங்கத் தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. குஜராத் அரசு சூரிய ஒளியால் இயங்கும் நீரிறைப்பு இயந்திரங்களுக்கு மானியம் தருகிறது. டீசல் செலவு குறைந்ததால், முதல் முறையாகக் கையில் சிறிது பணம் தங்குகிறது என்கின்றனர் அகரியாக்கள். பழைய பேருந்துகளை ரண்ணில் நிறுத்தி, அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளியறைகளாக்கியும் உள்ளனர்.

முடிவுரை

மேலே கூறியவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். உப்புத் தொழிலில் அரசு எக்காலத்தும் இருந்தது. மன்னனாக வந்து பங்கு கேட்டது. கும்பினியாக வந்து கடை விரித்தது. காவலனாக வந்து வேலி போட்டது. நம் அரசாக வந்து வரியை நீக்கிற்று. மருத்துவராக வந்து அயோடின் சேர்த்தது. ஒவ்வொரு காலத்தும் உப்பு எவ்வளவு, எங்கே, என்ன தரம், என்ன வரி என்று பதிவேடுகளில் எழுதினர். விளைவித்தவன் எப்படி வாழ்கிறான் என்னும் பத்தி மட்டும் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. அப்பத்தி நிரம்பத் தொடங்கியிருப்பது மிக அண்மையில்தான், அதுவும் சிறிதளவே.

'அரசு தொழிலை விட்டு விலகுக' என்பாரும், 'அரசே தொழிலை ஏற்க' என்பாரும் இன்று வாதிடுகின்றனர். உப்பின் வரலாறு இருவரையும் முழுதும் ஆதரிக்கவில்லை. அரசு பிடித்தபோதும் மலங்கி அழுதான். அரசு விட்டபோதும் அழுதான். எனவே, அரசு உள்ளே நிற்பதா வெளியே நிற்பதா என்பதோடு, யார் பக்கத்தில் நிற்கிறது என்பதையும் கேட்டல் வேண்டும். 1948-இல் பத்து ஏக்கர்க்காரன் பக்கத்தில் நின்றது, தொழில் செழித்தது. சூரியப் பம்பு கொடுத்தபோது அகரியாவின் பக்கத்தில் நின்றது. அவன் கடன் குறைந்தது. நிலத்துக்குச் சீட்டும், முன்பணத்துக்குக் கூட்டுறவுக் கடனும், மழைக்காலத்துக்கு உதவியும் என இம்மூன்றும் எல்லா உப்பளங்களுக்கும் கிடைக்குமாயின், தண்டியிலும் வேதாரணியத்திலும் தொடங்கிய பணி நிறைவுறும்.

நாம் இம்மண்ணின் உப்பை உண்டு வாழ்கிறோம். நம் பிள்ளைகளைச் சாபர்மதிக்கும் தண்டிக்கும் அழைத்துச் சென்று காட்டுகிறோம், நன்று. அடுத்த குளிர்கால விடுமுறையில் காராகோடாவுக்கும் அழைத்துச் செல்வோமாக. அங்கு வெண்பரப்பில் நிற்கும் மனிதர்களிடம், உப்பு எப்படி விளைகிறது என்று கேட்பதோடு, அவர்கள் வீட்டுப் பிள்ளை எந்த வகுப்புப் படிக்கிறது என்றும் நம் பிள்ளைகள் கேட்டுவரட்டும்.